இன்னொரு வெங்காயம்

நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பள்ளிக்கூடம் என்றால் இன்றும் எனக்கு ஒரு வியாழக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

அப்போது எல்லா அறிவியல் சோதனைகளையும் மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அது காட்டும் ஆய்வகத்தில்தான் செய்வோம். அதில் அமிலம் சுடாது, குடுவை உடையாது. நம் கண் கலங்கினால் மட்டும் கண்ணாடி பாடத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் தகவல் அனுப்பும். அப்பா இறந்த பிறகு இரண்டு முறை அப்படித் தகவல் போய், அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதிலிருந்து நான் அழுவதையே நிறுத்திவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை கண்ணாடிகளெல்லாம் பழுதுபார்க்கப் போயிருந்தன. செண்பகவல்லி டீச்சர் ஒரு பழைய நுண்ணோக்கியும் ஒரு கூடை வெங்காயமும் கொண்டுவந்தார். உள்தோலை உரித்துச் செல்களைப் பார்க்க வேண்டும். எங்கள் வீடுகளுக்கு நறுக்கி உலர்த்திய வெங்காயம்தான் வரும். முழு வெங்காயத்தை நாங்கள் யாருமே வெட்டியதில்லை.

"டீச்சர், நான் ஒண்ணுமே பண்ணல, தானா அழுகை வருது," என்றாள் ரெஜினா.

"வரட்டும். இன்னிக்கு யார் வீட்டுக்கும் சேதி போகாது."

வகுப்பே சிரித்துக்கொண்டு அழுதது. நானும் அழுதேன்.

மற்றவர்கள் முகம் கழுவிவிட்டு நுண்ணோக்கி முன் வரிசையில் நின்றார்கள். எனக்கு மட்டும் அழுகை அடங்கவில்லை. டீச்சர் என் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"தோலு கிழிஞ்சிடுச்சே கண்ணு. இன்னொண்ணு உரி, அவசரமில்ல," என்று ஒரு வெங்காயத்தை வைத்துவிட்டுப் போனார்.

என் தட்டில் கிடந்த தோலில் சிறு கீறல்கூட இல்லை.