சாமியின் தேநீர்க் கிண்ணம்

சைகோனின் சீனர் கடைத்தெருவில், இனித் தனியார் வியாபாரம் கிடையாதென்று புதிய கம்யூனிஸ்ட் அரசின் ஒலிபெருக்கி கத்துகிறது. சோதனைக்கு வந்த, கையில் சிவப்புப் பட்டை கட்டியவர்கள் கடப்பாரையால் அரிசி மூட்டைகளைக் கிழிக்கிறார்கள். "தங்கம் எங்கடா?" என்று ஒருவன் கடைக்காரர் லம் கீட்டின் வாயில் குத்துகிறான். ரத்தத்தோடு ஒரு பல் அரிசியில் விழுகிறது. மனைவி முய் சான் அசையவில்லை. என்ன நடந்தாலும் வாசலோரத்துச் செல்வச் சாமி சிலையின் பக்கம் திரும்பவே கூடாதென்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். பட்டை கட்டியவர்களில் பக்கத்துத் தையல்கடைப் பெண் லான் ஃபோங்கும் இருக்கிறாள். இந்த வீட்டுக் கஞ்சியில் வளர்ந்தவள். "சொல்லிடுங்க அத்தை. மாமாவைக் கொன்னே போட்டுடுவாங்க." "இருந்தாத்தானே சொல்றதுக்கு." கடப்பாரை இறங்குகிறது. விறகு ஒடிவதுபோல் விலா ஒடிகிறது. முய் சான் சுவரையே பார்த்து நிற்கிறாள். சரிந்து விழும் லம் கீட்டின் கால் பட்டு, தரையில் அமர்ந்திருக்கும் சாமியின் முன்னால் தேநீர்க் கிண்ணம் கவிழ்கிறது. தினமும் விடிகாலையில் அதை நிரப்பிய முய் சானின் கை தானாக நீள்கிறது. கிண்ணத்தை நிமிர்த்துகிறது, பீடத்தில் வழிந்த தேநீரைச் சட்டைக் கையால் ஒற்றுகிறது. லம் கீட் கண்ணை மூடிக்கொள்கிறார். புருஷனுக்கு நீளாத அந்தக் கையையே லான் ஃபோங் பார்க்கிறாள். பிறகு கடப்பாரையை வாங்கிக்கொண்டு மெல்லச் சொல்கிறாள்: "கொஞ்சம் நகருங்க, அத்தை."