ஞமலியும் ஞமனும்

பழைய அகராதி ஒன்றில் ஞமலி, ஞமன் என்ற இரண்டு சொற்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. ஞமலி என்றால் நாய். ஞமன் என்றால் எமன்.

"முதல் இரண்டு எழுத்தும் நமக்கு ஒன்றுதானே, தம்பி," என்னும் ஞமன்.

"எழுத்து ஒத்துப்போனால் உறவாகிவிடுமா?" என்று ஞமலி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எமனோடு சொந்தம் கொண்டாட அதற்குப் பயம்.

அகராதியைச் சுருக்க வந்தவர், ஒரு வரி குறைய வேண்டும் என்று ஞமலியின்மேல் பேனாவை வைத்தார்.

"ஐயா, என் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி இருக்கட்டும்," என்றது ஞமன்.

அவர் சற்று யோசித்து, ஞமனை அடித்துவிட்டார்.

புதிய அகராதியில் ஞமலிக்கு அடுத்து ஞாயிறு வந்து அமர்ந்தது. "இங்கே முன்பு யார் இருந்தார்கள்?" என்று கேட்டது.

ஞமலி இம்முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"என் அண்ணன்," என்றது.