பூநகரி மாப்பிள்ளை

"ஆரின்ரை மயில் உது?" என்று முருகேசு மாமா படலையை மறித்துக்கொண்டு கேட்டார்.

 பத்மாவதி ஆறு மாதம் மன்றாடி, ஒரு நாள் சாப்பிடாமலும் கிடந்து மாமாவைச் சம்மதிக்க வைத்திருந்தாள். இப்போது வாசலில் நின்று மனிதர் பூர்வீகம் விசாரிக்கிறார், அதுவும் சாக்குக்குள் கிடக்கிற மயிலுக்கு.

சாக்கு அவளுடைய அப்பா தம்பிஐயாவின் சைக்கிள் கரியரில் கட்டியிருந்தது. தலை மட்டும் வெளியே. மயிலும் மாமாவை மேலும் கீழுமாகப் பார்த்தது.

மாமா, அம்மாவின் தமையன். முருகன் கோயில் அவர் பொறுப்பில். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பற்றைக்காடும் அதன் படலைப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான். அந்தக் காட்டில் பதினொரு மயில்கள் இருந்தன. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லை.

பதினொன்றும் ஒரே சோடியின் வாரிசுகள். வீட்டில் எல்லாரும் அப்பு என்று சொல்லும் மாமாவின் பாட்டனார், நேர்த்திக்கடன் வைத்துக் கதிர்காமத்திலிருந்து கொண்டுவந்த சோடி. அதன்பிறகு அண்ணனும் தங்கையுமாக, அவற்றின் பிள்ளைகளுமாக, மயில்கள் எழுபது வருடம் தங்களுக்குள்ளேயே குடும்பம் நடத்திவிட்டன.

போன மாரியில் இட்ட ஒன்பது முட்டைகளில் இரண்டுதான் பொரித்தன. ஒரு குஞ்சு அன்றே செத்தது. மற்றதைப் பத்மாவதி சப்பாத்துப் பெட்டிக்குள் பஞ்சு போட்டு நான்கு நாள் வைத்திருந்தாள். காலை ஊன்றி நிற்க ஏலாமல், அவள் உள்ளங்கையிலேயே அது கண்ணை மூடியது. அன்று அவள் அழுத அழுகையை அக்கம்பக்கத்தார் ஏதோ காதல் தோல்வி என்று கதைத்தார்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிக்கிறவள். ஒரே இரத்தம் திரும்பத் திரும்பக் கலந்தால் ஒரு நோய் போதும், பதினொன்றும் ஒன்றாகப் போய்விடும், வெளியிலிருந்து ஓர் ஆண்மயில் வரத்தான் வேண்டும் என்று மாமாவுக்குப் படம் கீறிக் காட்டினாள்.

மாமா படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "பிறத்தி கலக்காத குடும்பம். பெருமைதானே, பிள்ளை" என்றார்.

அவர் அப்படித்தான். ஒருவன் கிணற்றுக்குள் விழுந்து கத்தினாலும், கயிறு போடுமுன் எந்த ஊர் என்று கேட்கக்கூடிய மனிதர். பத்மாவதிக்கு வந்த நான்கு சம்பந்தங்களையும் குடைந்து குடைந்து விசாரித்தே ஓட வைத்தவர்.

அப்பாவின் ஊர் பூநகரி. கடலுக்கு அந்தப் பக்கம் காடும் தாராளம், மயிலும் தாராளம். அங்கே போய், இன்று விடியச் சங்குப்பிட்டியில் பாதை என்கிற மிதவையில் ஏறி, மயிலோடு கடல் கடந்து வந்திருந்தார். எண்பத்து நான்காம் ஆண்டு அது. இந்தக் கரையில் ஆமிக்காரன் ஒருவன் சாக்கை அவிழ்க்கச் சொன்னானாம். மயில் போட்ட கூச்சலில் கெதியாகக் கட்டு, கட்டு என்று அவனே கையைக் காட்டினானாம்.

ஆமி விட்டாலும் மாமா விடுவதாக இல்லை.

"எந்த ஊர், என்ன வழி எண்டு தெரியாததை அப்புவின்ரை மயிலுகளோடை விட ஏலாது. நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

சனத்துக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கப் பத்மாவதி வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"வழி தெரியாததோ? என்ன மச்சான் கதைக்கிறியள்? அப்பு கதிர்காமத்தாலை வரேக்கை நாலு குஞ்செல்லோ கொண்டந்தவர். எங்கடை ஊரிலை தங்கிச் சாப்பிட்ட வீட்டுக்கு ஒரு சோடியைக் குடுத்திட்டு வந்தவர். அதுகளின்ரை பரம்பரைதான் இது, பிறத்தி கலக்காதது."

மாமாவின் கை படலையிலிருந்து தானாக இறங்கியது.

"அப்ப எங்கடை ஆள்!"

கிட்ட வந்து குனிந்து பார்த்தார். "கழுத்தைப் பார், பிள்ளை. அப்புவின்ரை கழுத்து."

மயில் அவர் மூக்கில் ஒரு கொத்துக் கொத்தியது.

மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு பூரித்துப் போனார். "கோவமும் அப்புவின்ரை கோவம்தான்!"

படலை திறந்தது. சாக்கு அவிழ்ந்தது. மயில் இரண்டு சிறகையும் அடித்து உதறிவிட்டுப் பற்றைக்குள் ஓடி மறைந்தது. மாமா கற்பூரத் தட்டு எடுக்கக் கோயிலுக்குள் ஓடினார்.

பத்மாவதி நின்ற இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டாள். ஆறு மாதமும் வீண். வெளி மாப்பிள்ளை என்று கொண்டுவந்து விட்டது அதே வீட்டுப் பிள்ளையை. அப்பாமீது அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் ஒருநாளும் வந்ததில்லை.

"என்னப்பா செய்திருக்கிறீங்கள்? அதே இரத்தத்தைத்தானே திரும்பக் கொண்டந்து விட்டிருக்கிறீங்கள்!"

அப்பா அவசரமில்லாமல் சாக்கை உதறினார்.

"உனக்கென்ன விசரே? பூநகரிக்கு அங்காலை, முழங்காவில் காட்டிலை கண்ணி வைச்சுப் பிடிச்சனான். அதுக்கு அப்புவையும் தெரியாது, கதிர்காமத்தையும் தெரியாது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறியது.

"மாமா பூநகரிக்கு ஆள் விட்டு விசாரிச்சா?"

"விசாரிக்கமாட்டார். சொந்தம் எண்டு கேட்டாப் போதும், மனுசன் பிறகு ஒண்டும் கேளார்."

அப்பா கோயில் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உன்ரை அம்மாவைப் பொம்பிளை கேட்டு வந்த அண்டைக்கு, அப்புவின்ரை தங்கச்சியின்ரை பேரன் நான் எண்டு சொன்னனான். அப்புவுக்கு அப்பிடி ஒரு தங்கச்சி இருந்தவவோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."