அவருடைய சாண்

வாளிக்குள் விரால் ஒரு சுற்று சுற்றி அடங்கியது.

ஏரி வாசலில் வரிசை. அவருக்கு முன்னால் ஒருவன்தான். கோவையிலிருந்து காரில் வந்தவன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மடக்கி விரிக்கிற தூண்டில்.

அவர் தோளில் மூங்கில் தூண்டில். வாளியைத் துண்டால் மூடியிருந்தார்.

காலையிலிருந்து சிக்கியது இந்த ஒன்றுதான்.

ஒன்று போதும்.

வீட்டில் மகள் படுத்திருக்கிறாள். வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தை. தையல் இன்னும் ஆறவில்லை. பாலும் ஊறவில்லை. விரால் குழம்பு உள்ளே போனால் புண்ணும் ஆறும், பாலும் ஊறும் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. அவர் மனைவி மிளகும் சீரகமும் அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சந்தையில் விரால் கிடைக்கும். வாங்குகிற கை வேறு.

வாசலில் அளவுப் பலகை. ஒரு முனையில் சின்னக் கட்டை, தள்ளி ஒரு சிவப்புக் கோடு. மீனின் மூக்கைக் கட்டையில் முட்டவைக்க வேண்டும். வால் கோட்டைத் தொட்டால் வீட்டுக்கு. தொடாவிட்டால் தண்ணீருக்கு.

அந்தக் கோடு அவருடையது.

பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வெளியூர்க்காரர்களை விடப்போகிறோம் என்று ஏரிக்கரையில் கூட்டம் போட்ட நாளில், வலைக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது அவர் வலைக்காரர். ஆளுக்கு எத்தனை மீன் விடலாம் என்று அதிகாரி கேட்டார்.

"வெளையாட்டுக்குப் புடிக்கறவனுக்கு ரெண்டு பத்தாதுங்களா?"

கூட்டம் சிரித்தது. இரண்டு என்றே முடிவானது.

ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். யாருடைய சாண் என்று கேள்வி வந்தது. கையை நீட்டினார். ஊரிலேயே பெரிய கை. அது போதாதென்று கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நரம்பு புடைக்க விரித்தார். ஒரு விரற்கடை கூடினால் கார்க்காரனுக்குப் போகிற மீன் தன் வலைக்கு மிஞ்சுமே.

நல்ல கணக்குதான். அதிகாரி பலகையில் கோடு போட்டுக்கொண்டார்.

தூண்டில் சட்டம் தூண்டில்காரனுக்கு என்றுதான் வலைக்காரர்கள் எல்லாரும் நினைத்தார்கள். மறு வருடம் வலையே கூடாது என்று உத்தரவு வந்தது. பரிசல்களைக் கரையில் கவிழ்த்தார்கள். வேண்டுமானால் நீங்களும் தூண்டில் போடலாம் என்றார்கள்.

எல்லாருக்கும் ஒரே சட்டம்.

ஒரு சாண் வயிறு என்று சொல்கிறோம். அதை யார் கையால் அளந்தார்களோ.

தொப்பிக்காரனின் மீன் கோட்டைத் தொடவில்லை. காவலுக்கு இருக்கும் பூரணி தலையை ஆட்டினாள். அவன் முனகிக்கொண்டே போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான். வெளியே போகாமல் ஓரமாக நின்று கைகளைத் துடைத்தான்.

அவர் முறை வந்தது.

பூரணி உள்ளூர்க்காரி. அவர் மகளைப் பிரசவத்துக்கு ஆட்டோவில் ஏற்றியபோது கூடவே ஏறியவள். துண்டை விலக்கியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

மீனை எடுத்தாள். மூக்கைக் கட்டையில் முட்டவைத்தாள். வாலை இரண்டு விரலால் ஒடுக்கிப் பிடித்தாள். நோகாமல் இழுத்தாள். தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள்.

ஒரு விரற்கடை குறைந்தது.

அவர் பலகையையே பார்த்தார். அந்த விரற்கடையை அவருக்குத் தெரியும்.

"மூடிக்கிட்டுப் போயிருங்ண்ணா," என்றாள் பூரணி, உதடு அசையாமல். "நா பாக்குல."

தொப்பிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து அவர்கள் பக்கம் பிடித்தான்.

பூரணியின் கை மீன்மேல் அப்படியே நின்றது. புருஷன் போனபின் அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வாசலால்தான்.

அவருக்கு அவன்மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவன் சட்டப்படிதான் நின்றான்.

அவரே விராலை எடுத்துக்கொண்டார்.

தண்ணீரோரம் குந்தினார். கையை உள்ளே விட்டு விரித்தார். விரால் உடனே போகவில்லை. உள்ளங்கையிலேயே கொஞ்சம் நின்றது. வயிறு அவர் விரல்கள்மேல் ஏறி இறங்கியது.

பிறகு போனது.

வழியில் மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினார்.

"இன்னைக்கு ஒன்னும் சிக்குல," என்றார் வீட்டில்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அரைத்ததைத் தட்டுப் போட்டு மூடினாள்.

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. அழுது அழுது அதன் குரல் கம்மிப்போயிருந்தது. அவர் குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டார்.

வாய் உடனே திரும்பியது. தேடியது. அவர் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது.

அழுகை நின்றதும் மகள் இந்தப்பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தாள்.

"அப்பா, கையில விரால் கவுச்சி அடிக்குதுங்க."



அவர் விரலை உருவப் பார்த்தார். குழந்தை விடவில்லை.