அலமாரிக்குள் கூவிய பறவை

காட்டில் இருபது ரெக்கார்டர்கள் தொங்கின. ஒன்றிலாவது அரிய சாம்பல் பறவையின் குரல் பதிவானால் காடு பிழைக்கும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மரம் வெட்ட உத்தரவு வந்துவிடும். ஆய்வாளர் மூன்று வாரமாக ஹெட்போனும் காதுமாகக் கிடந்தாள். காற்று, மழை, தவளை. பறவை மட்டும் இல்லை.

வியாழக்கிழமை, கடைசிக் கருவியில் கேட்டது. மூன்று கூவல். பிறகு பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஓர் இடைவெளி.

"கெடைச்சிருச்சு டிரைவர் அண்ணே! இது எந்த மரம்?"

கருவிகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர்தான். கருவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதைப் போன வாரமே கழட்டிட்டேனேம்மா. அணைக்க மறந்துட்டேன் போல. ஆறு நாளா நம்ம ஆபீஸ் இரும்பு அலமாரியிலதான் கெடந்துச்சு."

பதிவின் தேதி நேற்று.

"பேசாம ஏதாவது ஒரு மரத்து நம்பரைப் போட்டுருங்க. பறவையா வந்து இல்லைன்னு சொல்லப் போகுது?"

"அதிகாரிங்க நேர்ல வந்து பாப்பாங்கண்ணே."

அறிக்கையில் 'இல்லை' என்று எழுதினாள்.

பதினோரு நாளில் காடு மொட்டையானது. அந்தக் கருவியை அவள் அணைக்காமல் மறுபடி அலமாரியிலேயே வைத்தாள். திறந்து பார்த்தால் உள்ளே ஃபைல்கள்தான். ஆனால் பதிவில் முதல் நாள் ஒரு பறவை, மறுநாள் நான்கு, நேற்று முப்பத்தேழு.

இன்று காலை ஒன்றுகூடக் கூவவில்லை. அலமாரிக்குள்ளே, வெகு தூரத்தில், மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது.