ஏழாவது பாட்டு

"கருங்காலி!" என்றார் தையலக்கா. முகத்தில் துப்பவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

மேடைத் தொழிலாளர் சங்க அறை. ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையைச் சுற்றி ஒன்பது நிர்வாகிகள். மேசைமேல் ஒரு ஸ்பீக்கர். எதிரே ஒற்றை நாற்காலியில் பாம்புக்காது.

முப்பது வருஷமாக அரங்குகளுக்கு ஒலி அமைப்பவர். பத்தாயிரம் பேர் கூச்சலிலும் எந்த ஸ்பீக்கர் இருமுகிறது என்று சொல்லிவிடுவார். அதனால் அந்தப் பெயர்.

"ஆரம்பிக்கலாமா, தோழர்களே?" செயலாளர் தன் போனைத் தட்டினார்.

ராக் இசைக்குழு ஒன்று சுற்றுப்பயணம் தொடங்கிய முதல் நாள் நிகழ்ச்சி அது. அரங்கிலேயே பதிவு செய்து போன வாரம் வெளியிட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் யாரும் அதைக் கேட்கக் கூடாது என்று செயலாளர் சுற்றறிக்கை விட்டிருந்தார். இன்று மட்டும் விலக்கு. சாட்சியத்துக்காக.

கூட்டத்தின் இரைச்சல் அறையை நிறைத்தது. டிரம்ஸ் இடித்தது. பாடகன் மூச்சு வாங்கப் பேசினான்.

"ஸ்ட்ரைக்காம். யாரும் வரமாட்டாங்கன்னு பயமுறுத்தினாங்க. ஆனா நம்ம பாம்புக்காது அண்ணன் வந்துட்டாரு! அவருக்கு ஒரு கைதட்டு!"

கைதட்டல் பொழிந்தது. செயலாளர் நிறுத்தினார்.

"இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

ஸ்ட்ரைக் எதற்கு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். விளக்குக் கட்ட ஐம்பதடி ஏறிய, அணில் என்று எல்லோரும் கூப்பிட்ட தொழிலாளி, இடுப்பில் கயிறு இல்லாமல் விழுந்து செத்தான். தையலக்காவின் கணவன். பாம்புக்காதின் கூட்டாளி. ஏறுகிறவனுக்குக் கயிறு கொடு. கோரிக்கை அவ்வளவுதான். முதல் நாள் நாற்பது பேர் அரங்கின் பின்வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். உள்ளே நிகழ்ச்சி நடந்தது. மூன்றாம் நாள் செயலாளர் போராட்டத்தை வாபஸ் வாங்கினார். கயிறு வரவில்லை. பதினோரு பேருக்கு வேலை போனது.

"இவன் உள்ளே போனதாலதான் எல்லாம் கவுந்துச்சு," என்றார் செயலாளர். "இல்லைன்னா நான் வாபஸ் வாங்கியிருப்பேனா?"

"ஏன்யா போனே?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். "வாயில பூட்டா போட்டிருக்கு? சொல்லித் தொலையேன்."

"சொன்னா நம்ப மாட்டீங்க," என்றார் பாம்புக்காது. "ஏழாவது பாட்டு வரைக்கும் ஓடவிடுங்க."

"அடேங்கப்பா! பண்ணது துரோகம். இதுல ஐயாவுக்குப் பாட்டு வேற கேக்குது," என்றார் தையலக்கா.

"கேட்டுத்தான் பார்ப்போமே..." எலக்ட்ரீஷியன் இழுத்தார்.

செயலாளர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தோழர், இது விசாரணை. கச்சேரி இல்லை. ஓட்டுக்கு விடறேன். நீக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

முதல் கை தையலக்காவுடையது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. எலக்ட்ரீஷியனின் கை கடைசியில், பாதி உயரத்துக்கு.

சங்கத்தில் எல்லாம் விதிப்படி நடக்கும். அநியாயமும் விதிப்படிதான் நடக்கும். நீக்கப்பட்டவனோடு எவரும் வேலை செய்யக் கூடாது என்பது விதி. ஐம்பத்தெட்டு வயதில், தெரிந்த ஒரே தொழிலில், இனி அவருக்கு இடமில்லை.

பாம்புக்காது தன் சங்க அட்டையை மேசைமேல் வைத்தார். மடங்கியிருந்த மூலையை விரலால் நீவிவிட்டார். வாசலில் நின்று தையலக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, நீயாவது கேளும்மா."

போய்விட்டார்.

மற்றவர்கள் கலைந்து போனார்கள். செயலாளர் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தையலக்கா ஜன்னலோரம் போனார். தன் போனில் ஏழாவது பாட்டைத் தேடிக் காதில் வைத்தார்.

மெல்லிய கிடார். சட்டென்று நின்றது. அரங்கின் ஸ்பீக்கர்களிலேயே வேறொரு சத்தம். தூரத்திலிருந்து, கரகரப்பாக, நாற்பது பேர்.

"ஏறுகிறவனுக்குக் கயிறு கொடு!"

நடுவே, உடைந்துபோன குரல் ஒன்று. தையலக்காவுடையதே.

"யாருண்ணே அது கத்தறது?" பாடகன் கேட்டான்.

"பின்வாசல்ல ஒரு மைக் வெச்சிருக்கேன், தம்பி." பாம்புக்காதின் குரல் அரங்கம் முழுக்க ஒலித்தது. "வெளியே நிக்கிறது எங்க ஆளுங்க. எங்க அணில் கயிறு இல்லாம மேலேருந்து விழுந்து செத்துட்டான். நான் வரலைன்னா வேற ஆளைக் கொண்டுவந்திருப்பாங்க. இந்தச் சத்தம் உங்க காதுக்கு வந்தே இருக்காது."

பிறகு பத்தாயிரம் பேர், கைதட்டித் தாளம் போட்டு:

"கயிறு கொடு! கயிறு கொடு!"

அன்று வெளியே அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள், இந்தச் சுவருக்கு அதுவும் இல்லை என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவர் தையலக்கா.

மேசைக்கு வந்தார்.

"தோழர், அந்த ஏழாவது பாட்டுல..."

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுல வரும்," என்றார் செயலாளர். நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

தையலக்கா போனை மேசைமேல் வைத்தார். "முன்னாடியே கேட்டுட்டீங்களா?"

"வெளியான அன்னைக்கே."

"தெரிஞ்சுமா அவரை நீக்கினீங்க?"

"தோத்த சங்கத்துக்கு ஒரு துரோகி வேணும். அவன் துரோகி இல்லைன்னா, பத்தாயிரம் பேர் நம்ம பக்கம் நின்னப்ப வாபஸ் வாங்கினவன் எவன்னு கேப்பாங்க."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"தாராளமா." செயலாளர் முத்திரையை மையில் ஒற்றித் தீர்மானத்தின்மேல் அழுத்தினார். "முதல்ல தூக்கின கை யாரோடதுன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க, தோழர்."