மாப்பிள்ளையின் வாளி

"மூடியைத் திறந்துடாத டீச்சர். இந்த அனல் காத்து பட்டா மாப்பிள்ளைக்கு ஆகாது."

"நான் எங்கே திறந்தேன்? சும்மா கை வெச்சிருக்கேன். நீங்க வண்டியைப் பாருங்க."

தையல்காரர் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து என்ன பயன்? தூக்கி நிறுத்திய பானெட்டுக்குள்ளிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிக்கொண்டிருந்தது. சாலைக்கு இந்தப் பக்கமும் மணல், அந்தப் பக்கமும் மணல். மலை ஏறும்போது முனகாத வண்டி, சமதரைக்கு வந்ததும் காலை வாரிவிட்டது. கைப்பேசியிலும் சிக்னல் இல்லை.

பாலைவனத்துக்கு அந்தப் புறம் உள்ள ஊருக்கு, அவர் டீச்சர் என்றே கூப்பிடும் மனைவிக்கு மாற்றல். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாக வேண்டும். அதனால் வீட்டையே காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கூரைமேல் தையல் மெஷின், பின் சீட்டில் நாய், முன் சீட்டில் டீச்சர், டீச்சர் மடியில் மூடி போட்ட வாளி. நாய்க்கு வாட்ச்மேன் என்று பெயர். எந்நேரமும் தூங்குவதால் வந்த பெயர். வாளி தங்கமீனுக்கு. ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்கு முதல் பந்தியில் சாப்பாடு கேட்பதால், அதற்கு மாப்பிள்ளை என்று டீச்சரே பெயர் வைத்திருந்தாள்.

போன வருடம் டீச்சர் மஞ்சள் காமாலையில் படுத்த படுக்கையாகி, பிழைப்பாளா என்று அவர் கலங்கிக் கிடந்த நாட்களில், அவள் கண் அந்த மீன் தொட்டியை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளைதான் அவளை மீட்டுக் கொடுத்தார் என்பது தையல்காரரின் நம்பிக்கை. டாக்டர் காதில் விழுந்தால் சிரிப்பாரே என்று யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை மலை விடுதியிலிருந்து கிளம்பும்போது அவரே வாளியைத் தூக்கி வந்து, தண்ணீர் சிந்தக் கூடாது என்று மூடியை அளவு நாடாவால் இறுகக் கட்டியும் வைத்திருந்தார். வழியெல்லாம் டீச்சர் வாளியைத் தட்டித் தட்டி, "மாப்பிள்ளை சமத்தா இருக்கார்" என்று அவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் திரும்பாமல் சாலையையே பார்த்து ஓட்டினார். நாடாவின் முடிச்சு இடம் மாறியிருப்பதுபோல் நடுவில் ஒருமுறை தோன்றியது. வண்டி குலுங்கியதால் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியை ரேடியேட்டர் குடித்தது; வண்டி கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் கொதித்தது. மீதியை வாட்ச்மேன் குடித்தாயிற்று. இப்போது காரின் நிழலில் நாக்கு மண்ணில் பட விழுந்து கிடந்தது. விலா மட்டும் ஏறி இறங்கியது.

நாயைப் பார்த்தால் வாளியைப் பார்க்கத் தோன்றியது. வாளியைப் பார்த்தால் டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்கடா" என்று நாயிடம் சொன்ன டீச்சர், வாளியை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக ஒரு லாரி வந்து நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து வண்டியை எட்டிப் பார்த்தார். தன்னிடம் இருந்த தண்ணீரைப் வரும் வழியில் நின்றுபோயிருந்த இன்னொரு வண்டிக்குக் கொடுத்துவிட்டதாக வருத்தத்தோடு சொன்னார். பிறகு குனிந்து நாயின் வயிற்றைத் தொட்டார். அவர் முகம் மாறியது.

"இது ரொம்ப நேரம் தாங்காதுண்ணே. அக்கா மடியில என்ன அது?"

"மீன்."

"தண்ணியிலதானே இருக்கு? பாதி எடுத்தா நாய்க்கும் ஆச்சு, சூடு ஆறினதும் வண்டிக்கும் ஆச்சு. மீனுக்கு மீதிப் பாதி போதுமே."

நியாயமான பேச்சுதான்.

"வேண்டாம்" என்றார் தையல்காரர். அதே நொடியில் டீச்சரும் "வேண்டாம்" என்றாள்.

லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் இவர்கள் மண்டையைக் குழப்பிவிட்டது என்று நினைத்திருப்பார். கீழே வாட்ச்மேன் மெல்ல முனகியது. அவர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. வாளியை வாங்கித் தரையில் வைத்தார். தடுக்க நீண்ட தையல்காரரின் கை, நாயைப் பார்த்ததும் பாதியில் நின்றது. டீச்சரும் பிடியை விட்டுவிட்டாள். நாடா அவிழ்ந்தது. தையல்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டு, அவள் அலறப்போவதற்காகக் காத்திருந்தார்.

அலறல் வரவில்லை.

"இதுல மீனே இல்லையே" என்றார் லாரிக்காரர்.

தையல்காரர் கண்ணைத் திறந்தார். வாட்ச்மேன் எப்படியோ ஊர்ந்து வந்து வாளிக்குள் முகத்தை விட்டிருந்தது. டீச்சர் வாளியைப் பார்க்கவே இல்லை. பயந்துபோய்க் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. மலை இறங்கும்போது நீங்க டீ வாங்கப் போனீங்கல்ல, அப்ப தீனி போடலாம்னு திறந்தேன். செத்து மிதந்துச்சு. அங்கேயே ஒரு செடியடியில புதைச்சிட்டேன். அத்தனை வளைவுல வண்டி ஓட்டுறவர்கிட்ட அதை எப்படிச் சொல்றது? ராத்திரி துணி வெட்டும்போதெல்லாம் அதுகூடப் பேசிட்டு இருப்பீங்களே, உங்க மனசு தாங்காதுன்னுதான் ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடியக்காலையில விடுதியிலேயே அது போயிடுச்சு டீச்சர். நீ பார்த்துடக் கூடாதுன்னுதான் நான் நாடாவைக் கட்டினேன்."